எதுவும் நிறுவப்படவில்லை

1

இந்தக் கதை ஒரு சொல்லடைவிலிருந்து எனக்குக் கிடைத்தது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் யாரேனும் கண்டுபிடித்துச் சொல்ல இடம் வைக்க வேண்டாம்.

நூலின் கடைசியில், எவரும் படிக்காத பக்கங்களில், எந்தச் சொல் எந்தப் பாடலில் வருகிறது என்று அகர வரிசையில் காட்டுவது சொல்லடைவு. ராஜா அண்ணாமலைபுரத்தில், ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சிறு பதிப்பு அறக்கட்டளையில் அந்நாளில் நான் வேலை பார்த்தேன். பழைய பதிகங்களை ஏட்டுச் சுவடிகளோடு ஒப்புநோக்கிப் பாடபேதம் குறிப்பேன். எது பாடியவர் வாக்கு, எது பின்வந்த எவரோ நடுவில் புகுத்தியது என்று பிரித்துச் சொல்வேன். புகுத்தியதை இடைச்செருகல் என்போம். வாழ்நாளில் பெரும்பகுதியை, இது அவருடையது, இது அவருடையது அன்று என்று சொல்வதிலேயே கழித்திருக்கிறேன். களைப்பூட்டும் வேலைதான். வேறு வேலை தெரியாது.

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: "ஐப்பசி பிறந்த அன்றே மழையும் பிறந்தது, மந்தைவெளிப் பக்கமெல்லாம் கணுக்கால் அளவு நீர்—" விட்டுவிட்டேன். மழை உண்மையாகவே பெய்தது. ஆனால் இந்தக் கதைக்கு மழை ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாவது: "அனிருத் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன." இது பொய். அனிருத் கலிபோர்னியாவில் நலமாக இருக்கிறான். முதல் வரைவில் அவனை நான் கொன்றிருந்தேன். இறந்த மகனுக்காக அழும் தாயை எழுதுவது எனக்கு எளிது. பழம்பாடல்களில் அதற்குச் சொற்கள் கொட்டிக் கிடக்கின்றன. இருக்கிற மகனுக்காக அழாமல் அமர்ந்திருக்கும் தாய்க்குச் சொற்கள் குறைவு. ஆகவே அவனை உயிர்ப்பித்தேன். கதை கடினமாயிற்று.

மூன்றாவது: "தன்னுள் இருப்பது இன்னதென்று அறியாத கலமே, உன்னை எவர் வனைந்தார்?" எழுதியவுடன் நெஞ்சு குளிர்ந்தது. அடுத்த கணமே ஐயம் வந்தது. இது என் வாக்கா? ஐந்து வயது முதல் பதிகம் மனப்பாடம் செய்தவன் நான். எத்தனை அடிகள் உள்ளே போயின, எவர் எவருடைய அடிகள், எப்போது போயின என்பதற்கு என்னிடம் குறிப்பேதும் இல்லை. அடிகள் மட்டும் இருக்கின்றன. வேண்டும்போது வாய்க்கு வருகின்றன. நான் எழுதியதாகவே எனக்குத் தோன்றுகின்றன.

அந்தத் தொடக்கத்தையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்த ஐயம்தான் கதை என்று பிறகு தெரிந்தது.

2

மூன்று பேர். ஓர் இயந்திரம்.

இயந்திரத்தின் பெயர் கற்பகம். அறக்கட்டளையின் மூலையில், மேசைக்கு அடியில், மரப்பலகை மேல் இருந்த சர்வர் அது. பதிகங்கள் எல்லாம் அதனுள் இருந்தன. மற்ற கணினிகள் அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். அனிருத் வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில் லினக்ஸ் என்ற இயங்குதளம் போட்டு அமைத்துக் கொடுத்தது. பெயரும் அவன் வைத்ததே. கேட்டதைத் தரும் மரம் என்று நினைத்தானோ, தெருக்கோடிக் கோயிலில் இருப்பவளை நினைத்தானோ, தெரியாது.

ஜெயலக்ஷ்மி அம்மாள் அனிருத்தின் தாயார். பாடல்களைத் தட்டச்சு செய்தவர், சொல்லடைவு எடுத்தவர். மகன் அமைத்துக்கொடுத்த இயந்திரத்தில், மகன் சொல்லிக்கொடுத்த ஒரே ஒரு கட்டளையைத் தட்டுவார். சொற்களெல்லாம் ஒழுங்காக வரிசையில் வந்து நிற்கும்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்று சொல்ல வேண்டும். அக்காலத்துக் கணினிக்குத் தமிழ் எழுத்து வரிசை தெரியாது. எங்கள் எழுத்துருவை வெறும் எண்களாகவே அது பார்க்கும். கொம்பு முன்னால் வந்தால் கொம்பை வைத்து வரிசைப்படுத்தும். 'கெ'யும் 'தெ'யும் அடுத்தடுத்து நிற்கும். ஊரில் இருந்த எல்லா இயந்திரங்களும் அப்படித்தான் உளறின. கற்பகம் மட்டும் உளறவில்லை. ஏன் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. மகன் செய்தது, சரியாக இருக்கிறது என்று தாயார் நினைத்தார். நான் கணினி என்றால் இப்படித்தான் போலும் என்று நினைத்தேன்.

ஹமீதுன்னிசா, அனிருத் கலிபோர்னியா போன பிறகு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவள். கே.கே. நகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருவாள். இருபத்தைந்து வயதிருக்கும். கோபமே வராது, அதற்கும் தெம்பு வேண்டும் என்பாள்.

நான்காவதாகக் கனகராஜ். எடுபிடி வேலை முதல் தொலைபேசி எடுப்பது வரை எல்லாம் அவர். மூன்று பேர் என்று தொடங்கிவிட்டேன். அவர் இதைப் படித்தால், "நம்மள எண்ணவே இல்லியா வாத்யாரே?" என்று கேட்பார். எண்ணிக்கையைத் திருத்தாமல் விடுகிறேன்; வரைவு வரைவாகவே இருக்கட்டும்.

3

அந்த ஆண்டு உலகம் முழுவதும் ஒரு பயம் இருந்தது நினைவிருக்கும். இரண்டாயிரம் பிறக்கும்போது கணினிகளுக்குத் தேதி குழம்பிவிடும் என்றார்கள். எங்கள் செயலாளர் ஸ்ரீனிவாசராகவன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பயத்தை எழுத்து மூலம் வெளிப்படுத்துபவர். "ஆண்டு முடிவதற்குள் சர்வர் மென்பொருள் முழுவதும் புதுப்பிக்கப்பட வேண்டும்" என்று சுற்றறிக்கை வந்தது. விஜயதசமியன்று தொடங்கினால் நல்லது என்று கீழே கையால் எழுதியிருந்தார்.

விஜயதசமிக்கு முன் சரஸ்வதி பூஜை. பூஜைக்கு முன் சுத்தம். எங்கள் அலுவலகத்தில் சுத்தம் என்றால் அலமாரி, மின்விசிறி இறக்கை, சுவடிப்பெட்டி, எல்லாம். அந்த ஆண்டு ஹமீதுன்னிசா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொன்னாள்.

"டிஸ்க்ல இடமே இல்ல மாமி. புதுசு போட எடம் வேணும். அவங்கவங்க பழசு இருந்தா எடுத்துடுங்க."

எல்லோரும் தத்தம் பழையதை எடுத்தார்கள். நான் என் பெயரில் இருந்த கைவிட்ட முன்னுரைகளை அழித்தேன். பிறகு கற்பகத்தை அணைத்து, துணி விரித்து, மேலே சுவடி ஒன்றை வைத்து, சந்தனம் குங்குமம் இட்டோம். அன்று ஒரு நாள் எழுத்தைத் தொடக்கூடாது, எதையும் படிக்கக்கூடாது. எனக்கு ஆண்டில் பிடித்த நாள் அதுதான். பக்தியால் அல்ல, அயர்ச்சியால்.

மறுநாள் காலை கற்பகம் விழித்தது. பதிகங்கள் இருந்தன. சொல்லடைவு வந்தது. எல்லாம் ஓடியது. ஹமீதுன்னிசா புதுப்பிக்கும் வேலையைத் தொடங்க ஒரு கட்டளை கொடுத்தாள். இயந்திரம் ஒரு வரியில் பதில் சொன்னது. அவள் இன்னொரு முறை கேட்டாள். அதே வரி.

"என்ன சொல்றது?" என்றார் ஜெயலக்ஷ்மி அம்மாள்.

"எதுவும் நிறுவப்படலைன்னு சொல்லுது மாமி."

"எது?"

"எதுவுமே. இந்த மிஷின்ல ஒண்ணுமே இல்லையாம்."

"ஓடிண்டுதானே இருக்கு?"

கனகராஜ் தேநீரோடு வந்தார். "இன்னா மேடம், கற்பகம்மா மொறைக்குதா? பொட்டு வெச்சது நான்தான். அதுக்குக் கோச்சுக்கினு கீதா?"

"இல்லண்ணே. ஞாபகம் போயிடுச்சு."

"அடப்பாவமே. எங்க மாமியாருக்கும் அப்டித்தான். ஆனா சாப்பாட்டு நேரம் மட்டும் கரீட்டா தெரியும்."

* அடிக்குறிப்பு: ஓடிக்கொண்டே, தன்னுள் ஒன்றுமில்லை என்று சொல்லும் ஒன்றைக் கேட்டபோது என் மெய் சிலிர்த்தது. ஞானியர் வாக்கு போல இருந்தது. இதைக் கதையில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடியிலேயே கிடக்கட்டும்.

4

ஹமீதுன்னிசா எனக்கு விளக்கிய விதம் இது. அவள் பேக்கேஜ் என்றாள். நான் பொதி என்று எழுதுகிறேன்.

"இந்த மிஷின் ஒரே ஆள் இல்ல ஐயா. சின்னச் சின்னப் பொதியா நெறைய பேர் எழுதினது. ஒவ்வொண்ணும் உள்ள வரும்போது மிஷின் எழுதி வெச்சுக்கும். இன்ன பேரு, இன்னார் செஞ்சது, இன்னின்ன ஃபைல் கொண்டாந்துச்சுன்னு. அந்தக் குறிப்பு மொத்தமாப் போச்சு. வீட்ல ஆளுங்க எல்லாரும் இருக்காங்க; ரேஷன் கார்டு மட்டும் காணோம்."

"ரேஷன் கார்டு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாமே?"

"அதான் பிரச்னை. இப்போ அப்கிரேட் போட்டா, வீடு காலின்னு நெனச்சு எல்லாத்தையும் புதுசாக் கொண்டாந்து மேல கொட்டிடும். கடையில வந்தது மேல கொட்டினா பரவால்ல. கையால செஞ்சது இருந்தா?"

"கையால செய்தது எது?"

அவள் ஜெயலக்ஷ்மி அம்மாளைப் பார்க்காமல் சொன்னாள்: "குறிப்பு இருந்தா தெரியும். குறிப்புல இல்லாதது எல்லாம் கையால செஞ்சது. அனிருத் சார் செஞ்சது. இப்போ குறிப்பே இல்ல. எல்லாமே அவர் செஞ்சதா இருக்கலாம். எதுவுமே இல்லாமலும் இருக்கலாம்."

மழைக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தோம். அறையில் புழுக்கம். ஜெயலக்ஷ்மி அம்மாள் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு, திரும்பாமலேயே சொன்னார்:

"நான்தான் எடுத்தேன்."

ஹமீதுன்னிசா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

"எடம் வேணும்னு நீ சொன்னியோல்லியோ. என்னோடது எடுக்க ஒண்ணும் இல்லை. ஆத்துக்குக் கிளம்பறச்சே, அனிருத் போறதுக்கு முன்னாடி எனக்குத் தந்துட்டுப் போன பாஸ்வேர்டு ஞாபகம் வந்தது. அதைப் போட்டு உள்ள போனேன். ஒரு டைரக்டரி பூரா யார் யாரோ பேரு. ஜெர்மன்காரன், வெள்ளைக்காரன். இவாள்லாம் யாரு, நம்மகிட்ட எதுக்கு ஒக்காந்துண்டு இருக்கான்னு ஒண்ணொண்ணாப் பார்த்தேன். அனிருத் பேர் இருக்கான்னு பார்த்துண்டே வந்தேன். ஒண்ணுலயும் இல்லை. இருந்தா தொட்டிருப்பேனா?"

ஹமீதுன்னிசா நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன். (முதல் வரைவில் திட்டினாள். நன்றாக வரவில்லை. அவள் குரலில் கோபம் இரவல் போல ஒலித்தது.)

"மாமி," என்றாள், "அவர் பேர் அதுல இருக்காது. இல்லாததாலதான் அது நமக்கு வேணும்."

இந்த வாக்கியத்தை ஜெயலக்ஷ்மி அம்மாள் புரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட நேரத்தை எழுத எனக்குத் திறமில்லை. எது அவனுடையது அல்லவோ அதன் பட்டியலை அவர் துடைத்துவிட்டார். அவனுடையது எது என்று காட்டக்கூடியதாக இருந்தது அது ஒன்றே. முகம் மாறியது என்று எழுதி அடித்துவிட்டேன். மாறவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"அப்போ அவன் பண்ணினது எதுன்னு யாருக்குமே தெரியாதா?"

இதுதான் இந்தக் கதையில் பணயம் வைக்கப்பட்டிருப்பது. மென்பொருளைப் பற்றியோ, பிறக்கப்போகும் நூற்றாண்டைப் பற்றியோ கவலைப்படுகிறவர்கள் செயலாளரின் சுற்றறிக்கையைப் படிக்கலாம்.

5

(இங்கே பழம்பாடல்களில் இடைச்செருகல் கண்டறியும் முறை பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுதியிருந்தேன். சந்தம் இடறுவது, காலத்துக்கு ஒவ்வாத சொல் வருவது, ஊர்ப்பெயர் மாறுவது. நீக்கிவிட்டேன். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்: கெட்டிக்காரன் செருகியதைக் கண்டுபிடிக்க முடியாது. அதையும் சேர்த்துத்தான் நாம் கண்ணீர் மல்கப் பாடிக்கொண்டிருக்கிறோம்.)

6

ஹமீதுன்னிசா ஒரு வழி கண்டுபிடித்தாள்.

பொதி ஒவ்வொன்றும் உள்ளே வரும்போது தன்னைப் பற்றிய விளக்கக் குறிப்பையும் தன் பெயரிட்ட உறையில் போட்டுக் கொண்டுவருமாம். அந்த உறைகள் வேறோர் இடத்தில் இருக்கும். "யாரும் அதைப் படிக்கிறதே இல்ல ஐயா. அதனால யாரும் அழிக்கவும் இல்ல," என்றாள். என் சொல்லடைவுப் பக்கங்களை நினைத்துக்கொண்டேன்.

உறைகளின் பெயர்களைத் திரட்டி, எந்தெந்தப் பொதி இருக்கிறது என்று மறுபடி எழுதினாள். பழுதுதான், சில பொதிகளுக்கு உறை இல்லை, சில உறைகள் காலி. கணினிப் பொருள் விற்கும் ரிச்சி தெருவிலிருந்து புதிய குறுந்தகடு வாங்கிவந்து, அதில் உள்ள கோப்புகளின் பெயர்களோடு நம்முடையவற்றை ஒட்டிப் பார்த்தாள். வந்தாள், போனாள், வந்தாள். ஒரு நாள் பிற்பகல் கூப்பிட்டாள்.

"மாமி, வாங்க. எந்தப் பொதியிலும் சேராதது கொஞ்சம் கெடைச்சிருக்கு."

சின்னச் சின்ன நிரல்கள். ஒன்று, தினமும் காலையில் பதிகங்களை இன்னோர் இடத்தில் படியெடுத்து வைப்பது. ஒன்று, ஜெயலக்ஷ்மி அம்மாள் உள்ளே வந்தவுடன் "காபி குடிச்சாச்சா அம்மா?" என்று திரையில் காட்டுவது.

"இது அவன்தான்," என்றார் அம்மாள். சிரித்தார். "காத்தாலே வந்தா இது கேக்கும். நான் ஆச்சுடான்னு சொல்லிட்டுத்தான் ஒக்காருவேன்."

"ஆனா மாமி, சொல்லடைவு பண்றது இதுல இல்ல."

"இல்லாம? தெனம் பண்றேனே?"

"நீங்க தட்டுற கட்டளை மிஷினோட சொந்தக் கட்டளை. எல்லா லினக்ஸ்லயும் இருக்கறது. பொதியில வந்தது." ஹமீதுன்னிசா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல இதே கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். அங்க உளறுது. 'கெ'க்கு அப்புறம் 'தெ' வருது. நம்ம மிஷின்ல மட்டும் சரியா வருது."

என் தொழில் எனக்குக் கைகொடுத்தது.

"உள்ளே செருகியிருக்கிறான்," என்றேன்.

"ஆமா ஐயா. தனியா ஒண்ணு செஞ்சு பக்கத்துல வெக்கல. ஊர்க்காரங்க எழுதினதைத் தெறந்து, உள்ள நம்ம எழுத்து வரிசையைப் போட்டு, அதே பேர்ல திரும்ப மூடி வெச்சிருக்கார். வெளியில பார்த்தா தெரியாது."

"இதை மட்டும் தனியா எடுத்து வெச்சுடலாமோல்லியோ?" என்றார் அம்மாள்.

"இதை வெச்சுடலாம். இதை மாதிரி வேற எத்தனை பண்ணியிருக்கார்னு தெரியாது மாமி. ஒவ்வொண்ணையும் அசலோட ஒட்டிப் பார்க்கணும். அதுக்கு அவர் அன்னிக்குப் போட்ட அதே பழைய சிடி வேணும்."

பழைய சாமான் எது எங்கே போனது என்று தெரிந்தவர் ஒருவரே; நாங்கள் மூவரும் கனகராஜைப் பார்த்தோம்.

"அந்தப் பளபள தட்டா?" என்றார் கனகராஜ். "பொறா தொல்லை தாங்கலன்னு வராண்டாவுல மாட்டிகீறேனே. காத்துல சுத்தும், வெளிச்சம் அடிக்கும். ஒரு பொறா கிட்ட வர்ல."

கழற்றிக்கொண்டு வந்தார். வெயிலும் மழையும் தின்ற தகடு. ஹமீதுன்னிசா தன் துப்பட்டாவால் துடைத்து உள்ளே போட்டுப் பார்த்தாள். இயந்திரம் சிறிது நேரம் முனகிவிட்டு வெளியே தள்ளியது.

"திரும்ப மாட்டிடவா மேடம்?"

"மாட்டிடுங்கண்ணே."

7

இனி ஒரு பதில்தான் வேண்டும். அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான். ஜெயலக்ஷ்மி அம்மாள் மகனுக்கு மின்னஞ்சல் எழுதினார். "நீ கற்பகத்தில் எதையெல்லாம் மாற்றினாய்? ஒவ்வொன்றாக எழுது. அவசரம்." மோடம் கிறீச்சிட்டு, அஞ்சல் போயிற்று.

பதில் வருவதற்கு முன், நான் எழுதி வைத்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறேன். எழுதிய உழைப்பு வீணாக வேண்டாம்.

முடிவு ஒன்று. அனிருத் முழுப் பட்டியலையும் எழுதி அனுப்புகிறான். கடைசியில், அம்மாவுக்காகச் செய்தது என்று ஒரு வரி. தாயார் கண் கலங்குகிறார். இதை எழுதியபோது எனக்கும் கலங்கியது. அதனாலேயே நம்பவில்லை. நான் எளிதில் கலங்குபவன். ஓதுவார் ஒருவர் பண் எடுத்தால் போதும்.

முடிவு இரண்டு. மென்பொருளைப் புதுப்பிப்பதே இல்லை. ஆண்டுத் தொல்லைக்கு அக்காலத்தில் பலர் செய்த தந்திரம் ஒன்று உண்டு. இரண்டாயிரமும் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டும் நாட்காட்டியில் ஒன்றே; கிழமைகள் பிசகாது. இயந்திரத்தின் கடிகாரத்தை எழுபத்திரண்டுக்குத் திருப்பிவிட்டால் அது நிம்மதியாக ஓடும். எழுபத்திரண்டு அனிருத் பிறந்த ஆண்டு. மகன் பிறந்த ஆண்டிலேயே நின்றுபோன இயந்திரத்தின் முன் தாயார் அமர்ந்து... அழகாக இருக்கிறது அல்லவா? அனிருத் எந்த ஆண்டு பிறந்தான் என்று எனக்குத் தெரியாது. அந்த அழகுக்காக நான் வைத்த ஆண்டு அது. இடைச்செருகல்.

முடிவு மூன்று. செயலாளர் வருகிறார், கையெழுத்திடுகிறார், எல்லாம் அழிக்கப்படுகிறது. ஜெயலக்ஷ்மி அம்மாள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. இது நடந்திருக்கக்கூடியது. எழுத மட்டும் எனக்குத் தெம்பில்லை.

ஒன்று கவனித்திருப்பீர்கள். மூன்றிலும் என் கைச்சரக்கு ஏதும் இல்லை. முதலாவது, பிரிந்தவர் கூடும் பாடல்கள். இரண்டாவது, காலத்தை நிறுத்தும் வரம் கேட்கும் பாடல்கள். மூன்றாவது, கையறு நிலை. எல்லாம் முன்பே உள்ளே வந்து உட்கார்ந்திருப்பவை. எந்த அடி எவருடையது என்று நான் கேட்டால், எனக்குள்ளிருந்தும் அதே பதில்தான் வரும்: எதுவும் நிறுவப்படவில்லை.

8

பதில் மூன்றாம் நாள் வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான். ஹமீதுன்னிசா உரக்கப் படித்தாள்; அம்மாளுக்குக் கண்ணாடி போட்டும் திரை தெரியவில்லை, அல்லது தெரியவில்லை என்றார்.

"அம்மா, அதெல்லாம் வேலை இல்லாம ஒக்காந்திருந்தப்போ விளையாட்டா பண்ணினது. என்ன பண்ணினேன்னு சத்தியமா ஞாபகம் இல்லை. அதுல என்னோடதுன்னு ஒண்ணும் இல்லை. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசு போடச் சொல்லு, அதுதான் சுத்தம். இங்கே ராத்திரி பகலா இதே வேலைதான். ஒடம்பைப் பார்த்துக்கோ. அப்புறம் பேசறேன்."

கற்பகத்தின் விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஹமீதுன்னிசா அஞ்சலை மூடினாள். நான் ஒரு பதிக அடியைச் சொல்ல இருந்தேன். நல்லவேளை, சொல்லவில்லை.

ஜெயலக்ஷ்மி அம்மாள்தான் பேசினார். வருத்தமாக இல்லை. சுண்டைக்காய் விலை சொல்வது போல இருந்தது.

"ஒண்ணும் இல்லேன்னு கற்பகமும்தான் சொல்லித்து. ஆனா ஓடிண்டுதானே இருந்தது."

பிறகு நாற்காலியைக் கற்பகத்தின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏண்டிம்மா ஹமீதா, அந்தப் பேரெல்லாம் கொண்டா. நீ திரும்ப எழுதினியே, அது."

ஹமீதுன்னிசா பட்டியலைத் திரையில் விரித்தாள். பொதிகளின் பெயர்கள், ஒன்றன் கீழ் ஒன்றாக, பக்கம் பக்கமாக. அந்நியப் பெயர்கள். அன்று ஒன்றொன்றாகப் பார்த்துத் துடைத்த அதே பெயர்கள்.

"மாமி, கேளுங்க. எந்தப் பேருக்கு நேரா நீங்க சமக்குறி போடறீங்களோ, அந்தப் பொதியை அப்கிரேட் தொடாது. இருக்கற மாதிரியே இருக்கும். போடலைன்னா புதுசு வந்து பழசு போயிடும். சொல்லடைவு இருக்கற பொதிக்கு நானே போட்டுட்டேன். மத்தது உங்க இஷ்டம்."

"எல்லாத்துக்கும் போட்டா?"

"எல்லாத்துக்கும் போட்டா அப்கிரேடே இல்ல. செயலாளர் சார் என்னைத்தான் கேப்பார்."

"போடாம விட்டா?"

ஹமீதுன்னிசா பட்டியலை மறுபடி முதல் பக்கத்துக்கு நகர்த்தினாள்.

"யார் பண்ணினதுன்னு பார்த்துப் போடறதுக்கு வழியில்லை," என்றார் அம்மாள், தமக்குத்தாமே. "அப்போ எது நன்னா ஓடறதுன்னு பார்த்துத்தான் போடணும்." சற்றுக் கழித்து, "ஆனா எல்லாம் நன்னாத்தானே ஓடறது," என்றார்.

வாசலில் கனகராஜ் யாரிடமோ தொலைபேசியில், "செக்ரட்டரி சார், வேல நடந்துக்கினு கீது சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"சமக்குறி எங்கேடிம்மா இருக்கு?"

ஹமீதுன்னிசா விரலால் காட்டினாள்.

இந்த இடத்தில் நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உண்மையிலும் வந்தேன், கதையிலும் வருகிறேன். வராண்டாவில் அந்தத் தகடு மழைக்காற்றில் சுழன்றுகொண்டிருந்தது. பின்னால் விசைப்பலகையின் ஒலி கேட்டது: ஒரு தட்டு, பிறகு நீண்ட இடைவெளி, பிறகு ஒரு தட்டு. சமக்குறியா, அடுத்த பெயருக்குப் போகும் விசையா என்பது ஒலியைக் கொண்டு தெரியாது. பிறகும் நான் கேட்கவில்லை. நாங்கள் பதிப்பித்துக்கொண்டிருந்த பதிக நூல் வெளிவந்தது. சொல்லடைவு சரியாகவே இருந்தது. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஆகவே முடிவு உங்களிடம். நாற்காலி இழுத்துப் போட்டிருக்கிறது, பட்டியல் விரிந்திருக்கிறது. எதை இருந்தபடி விடுவது, எதைப் போகவிடுவது என்று நீங்கள் குறியிடுங்கள். இந்தக் கதைக்கும் அப்படியே செய்துகொள்ளுங்கள். இதில் எந்த வாக்கியம் என்னுடையது என்று என்னால் உங்களுக்குச் சொல்ல இயலாது. என்னுடையது அல்ல என்று உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. அதை ஜெயலக்ஷ்மி அம்மாள் சொல்லும்போது நான் அருகில் இருந்தேன். எந்தச் சுவடியிலும் அதற்கு முன் நான் அதைப் படித்ததில்லை.

அதற்கு நேராக மட்டும் நானே ஒரு சமக்குறி போட்டுவிட்டுப் போகிறேன்.

= ஆனா ஓடிண்டுதானே இருந்தது.